நான் இருமவில்லை

இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

பரமலிங்கம் அண்ணை காலமான செய்தியை வானொலியின் மரண அறிவித்தலில்தான் கேட்டேன். வேலைக்குக் கொண்டுபோகச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். பிறந்த ஊர், மக்கள், மருமக்கள் எல்லாம் வாசித்து முடித்தபின், "கனடாவில் மரவில்லால் மான் வேட்டையாடிய முதல் தமிழர்" என்று அறிவிப்பாளர் ஒரு வரி சேர்த்தார். அந்த வரி யாருடையது என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதே வீட்டாரிடம் சொல்லி வைத்திருப்பார்.

ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர். அதை நான் மறுக்கவில்லை. மறக்க அவரும் விடவில்லை. புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் என்னைக் காட்டிச் சொல்லுவார்: "இவர் ஊரிலை பெரிய கெமிஸ்ற்றி வாத்தியார். இஞ்சை வந்து விளக்குமாறு பிடிக்க நான்தான் படிப்பிச்சனான்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அடுத்த கிழமை குளிர்காற்று அடிக்கும் வாசலடி மெசினில் நிற்க வேண்டிவரும்.

வில் பிடிக்க அவருக்குப் பழக்கியவர் எங்களோடு வேலை செய்த ரொம் என்ற வெள்ளைக்காரர். அம்பு செய்வதில் அண்ணையின் கை நல்ல கை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சமையலறை அடுப்பில் சூடுகாட்டித் தடியை நிமிர்த்தி, வான்கோழி இறகு ஒட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "வில்லெண்டால் மரம், அம்பெண்டால் மரம். மிச்சமெல்லாம் மெசின்" என்பார். "ஒரு அம்பு, ஒரு மான்" என்பார். இந்த இரண்டு வசனத்தையும் கேட்காதவர்கள் நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் இருக்க முடியாது.

ரொம் சொன்ன மூன்றாவது ஒன்றையும் பக்கத்தில் நின்று நான் கேட்டேன். அண்ணை அதை ஒருநாளும் யாருக்கும் சொன்னதில்லை. அம்பு நெஞ்சில் பட்டால் மான் தூரம் போகாது. வயிற்றில் பட்டால் சாக நேரம் எடுக்கும். அப்படிப் பட்டால் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடு, அரைநாளாவது கிட்டப் போகாதே. கலைக்காவிட்டால் பக்கத்திலேயே படுத்துச் சாகும். கலைத்தால் உனக்கும் இறைச்சி இல்லை, அதற்கும் நிம்மதி இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இலை உதிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு காட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் வேட்டைக்காரன் அல்ல. தேத்தண்ணிப் போத்தல் தூக்கவும், பிறகு சாட்சி சொல்லவும் ஓர் ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. முதல்நாளே எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்து, அடுக்குமாடியின் பார்ட்டி மண்டபத்தில் மான் கறி என்று அழைத்துவிட்டார். பந்திக்கு ஆட்களைச் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் அடுப்பு மூட்டுவோம். மானுக்கு அந்த வழக்கம் தெரியாது.

காலையிலேயே ஒரு பெண்மான் வந்தது. தூரம் அதிகம். பக்கவாட்டாக நிற்கவும் இல்லை. "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று காதுக்குள் சொன்னேன். அவர் நாணை விட்டார். மான் முதுகை வளைத்துத் துள்ளி, கூனிக்கொண்டு மெதுவாக மரங்களுக்குள் போனது. ஊடுருவிப் போன அம்பு இலைகளுக்கு மேல் கிடந்தது. இரத்தம் கொஞ்சம்தான். பச்சையாக, அரைத்த புல்லைப் போல, குடல் நாற்றத்தோடு ஒரு கசடு இறகெல்லாம் ஒட்டியிருந்தது.

"வயிறு அண்ணை. ரொம் சொன்னவர், அரைநாள் பொறுக்கச் சொல்லி."

"ரொம் வந்தே ஆறு மணிக்கு என்ரை சனத்துக்குச் சாப்பாடு போடப்போறான்? வாரும்."

அம்பை எறிந்துவிட்டு நடந்தார். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

மான் அருகிலேயே ஒரு பள்ளத்தில் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பியது. வயிற்றுக்குக் கீழே குடல் ஒரு முழம் தொங்கியது. அது நடக்கும்போது பின்னங்கால் அந்தக் குடலை மிதித்தது. அவர் அவசரத்தில் விட்ட இரண்டாவது அம்பு மரத்தில் ஏறியது. மான் போனது. கொஞ்சம் தள்ளி மறுபடி படுத்தது, மறுபடி எழுப்பினோம். மத்தியானம்வரை அதைச் சாகவிடாமல் நடத்தினோம். அது கிடந்த இடத்தில் இலைகளைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தன.

கடைசியில் ஒரு முள்ளுக்கம்பி வேலி. கம்பியில் மயிர். அந்தப் பக்கம் வேறொருவரின் பண்ணை, தூரத்தில் வீடும் தெரிந்தது. போய் அனுமதி கேட்கிறேன் என்றேன்.

"உம்மடை இங்கிலீசைக் காட்ட இதுவே நேரம்? அவன் மறிச்சு வைச்சுக் கதைச்சால் பொழுது போயிடும். விடும். எங்கையாவது கிடந்து சாகும்."

திரும்பினோம். 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டே அவர் கதையைக் கட்டினார். எனக்கு முன்னாலேயே கட்டினார், அதுதான் அவருடைய துணிச்சல். ஒரு மானை நெஞ்சில் அடித்து விழுத்தியாயிற்று. இன்னும் பெரிய கலைமான் ஒன்று வந்தது. நாணை இழுக்கும் நேரம் வாத்தியார் இருமிவிட்டார், ஓடிவிட்டது.

"நான் இருமேல்லையே அண்ணை."

"பகிடிக்குத்தானே. சனம் சிரிக்கட்டும். உமக்கு என்ன குறையுது?" பிறகு, வீதியைப் பார்த்தபடியே, "வேலையாலை ஆள் நிப்பாட்டப் போறாங்களாம். ஆரை வைச்சிருக்கிறது எண்டு என்னைத்தான் கேப்பாங்கள். உம்மடை மனிசி பிள்ளையள் கொழும்பு லொட்ஜிலை எல்லோ இருக்கினம்? வேலை இல்லாட்டி எப்பிடிக் கூப்பிடுவீர்?"

மல்வேர்னில் ஆட்டிறைச்சி வாங்கினார். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், மிளகு கூடப் போட்டுச் சமைத்தார். இலையான் மொய்த்தது போல் சனம். "ஆட்டுக்கு இந்த ருசி வருமே!" என்று ஒருவர் எலும்பை உறிஞ்சினார். "மான் எண்டால் மான்தான்" என்றார் இன்னொருவர். அண்ணை என்னைக் கொண்டே பரிமாறுவித்தார். அவர் இருமிக் காட்ட, மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து நான் இருமல் வாத்தி. மனைவி கனடாவுக்கு வந்து முதலில் கேட்ட கேள்வி, "உங்களை ஏன் எல்லாரும் இருமல் எண்டு சொல்லுகினம்?"

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக்குப் போனேன். கோட்டுப் போட்டு, பொட்டு வைத்து, நல்ல மனிதரைப் போலவே பெட்டியில் கிடந்தார். முகம் பார்க்கும் வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ மெல்ல இருமினார்கள். அடக்க முடியாமல் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செத்தும் அவர் என்னைப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

நேற்று அக்கா ரெலிபோன் எடுத்தார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்களாம். அந்த நினைவுப் புத்தகத்துக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். "மான் கதையை எழுதுங்கோ தம்பி. அந்த இருமலையும் விடாதேங்கோ. பிள்ளையளுக்கு அப்பா எண்டால் அந்தக் கதைதான்." இறைச்சியைக் கழுவிச் சமைத்தவர் அவர். ஆட்டு எலும்பு எது என்று அவருக்குத் தெரியும். "ஓம் அக்கா" என்றேன்.

எழுதியாயிற்று. ஆனால் கல்வெட்டுக்கு அல்ல, கடைவாசல்களில் நீங்கள் எடுத்துப் படிக்கும் வாரப் பத்திரிகைக்கு. பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். என் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் அந்தப் பட்டத்தைக் கேட்டு வளர்ந்தார்கள், அதற்கு யாரும் வருத்தப்படவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அம்பு. என் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. நாற்றம் எப்போதோ போய்விட்டது, இறகில் கறை போகவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு அவருடைய முகம் வருவதில்லை. சூடான இலைகள்தான் வருகின்றன.

பெயர் போடாமலே இதைத் தபாலில் போடப்போகிறேன். போட்டாலும் நீங்கள் வேறு பெயரில்தான் வாசிப்பீர்கள். காட்டுக்குப் போனது இரண்டு பேர். ஒருவரைத்தான் நீங்கள் எரித்திருக்கிறீர்கள்.