வீணாகப் போகட்டும் என்று கேட்ட மருந்து

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளுநர். வருகிறவர்கள் பெரும்பாலும் கடலோரக் குப்பத்துக்காரர்கள். வலைக்கயிறு அறுத்த கை, கெளுத்தி முள் குத்திய கால், சேற்றுப்புண், சர்க்கரை, பிரஷர் என்று எங்கள் நாள் போகும். பாம்புக்கடி அபூர்வம். ஆனாலும் விஷமுறிவு மருந்து எங்கள் ஃபிரிட்ஜில் எப்போதும் இருக்கும். காலாவதியானால் அழிப்போம். புதிது வரும். அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

மருந்து வீணாவதைப் பற்றி மேலிடத்துக்குக் கவலை வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. கூட்டம் போட்டு எங்களை எல்லாம் வரவழைத்தார்கள். எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர். திட்டமாட்டார், வருத்தப்படுவார். அன்றும் என்னைப் பார்த்து வருத்தப்பட்டார்.

"அவ்வளவு விலை உயர்ந்த மருந்தும்மா. வருஷா வருஷம் குப்பைக்குப் போகுதே. பாம்பு கடிக்கிற ஊருக்குக் குடுத்திருக்கலாம்ல?"

நியாயமாகத்தான் பட்டது. உள்ளே நெல் விளைகிற பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரி உண்டு. அறுவடை வந்தால் அங்கே கடிபட்டவர்கள் வராத வாரமே இருக்காது. எங்களிடம் இருந்த குப்பிகள் எல்லாமே காலாவதியை நெருங்கிக்கொண்டிருந்தன; அத்தனையையும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்க முடிவு செய்தோம். வண்டி கிடைக்கவில்லை. மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, குப்பிகளைத் துணியில் சுற்றி, நானே பஸ் ஏறினேன்.

"மீன் பெட்டிய பின்னாடி வைம்மா" என்றார் கண்டக்டர்.

"மீன் இல்லீங்க, மருந்து."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன் விற்கும் பெண்ணுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "இன்னா மருந்து?"

"பாம்புக்கடிக்கு."

அவள் சட்டென்று இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டாள். "உள்ள உசுரோட கீதா?"

அடுத்த நிறுத்தத்தில் அவள் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வசதியான பயணம்தான். அடுத்த கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் மேலதிகாரி. நானும் அதை நம்பினேன்.

பொன்னாடையை மடித்து வைத்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. கருவாடு காயப்போடும் பெண் ஒருத்தி விறகுக்காக வேலிக்காத்தான் புதருக்குள் போயிருக்கிறாள். கண்ணாடி விரியன் காலில் கடித்துவிட்டது. புருஷன் வலை நூலால் காலை இறுக்கிக் கட்டித் தூக்கி வந்திருந்தார். கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. டாக்டர் அவளைப் படுக்கவைத்து, கட்டை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே என்னைப் பார்த்தார். மருந்து இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார்.

புருஷன் என் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "இன்னா மேடம், இவ்ளோ பெரிய பிரிட்ஜ் கீது, மருந்து இல்லியா?"

"இருந்துச்சு. அனுப்பிட்டோம்."

"இன்னாத்துக்கு?"

"வீணாயிடும்னு."

அவர் மனைவியிடம் திரும்பி ஓடினார். என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நெல்லுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அங்கிருந்த மருந்தாளுநர், "உங்க பாட்டில்தான் இருக்கு மேடம், எடுத்து வெச்சுட்டேன், சீக்கிரம் அனுப்புங்க" என்றார். நான் பஸ்ஸில் கொண்டுபோன மருந்தைத் தேடி அந்தப் பெண் ஆம்புலன்ஸில் போனாள். பிழைத்துக்கொண்டாள். அவள் கண் விழித்தாள் என்று தகவல் வரும்வரை நான் போனை விட்டு நகரவில்லை.

அடுத்த கூட்டத்தில் மேலதிகாரி இதையே எடுத்துச் சொன்னார். "பாருங்க, மருந்தும் வீணாகல, உயிரும் பொழச்சுது!" நன்றாகக் கை தட்டினார்கள். புதிதாக வந்த சரக்கில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த மருந்து ஒதுக்கப்படவில்லை. தேவை இல்லை என்று நாங்களே நிரூபித்துவிட்டோமாம்.

கூட்டம் முடிந்ததும் டாக்டரும் நானும் அவரிடம் போனோம்.

"நீங்கதானம்மா உபயோகமாகலன்னு அனுப்பினீங்க?" என்றார் நிஜமான குழப்பத்தோடு.

"ஆமா சார். எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க. ஃபிரிட்ஜுல சும்மா கெடக்கட்டும். வீணாப் போனா போகட்டும் சார்."

"இதை நான் மேல எப்படிச் சொல்றது?"

"தீயணைப்பு வண்டி சும்மா நிக்குதுன்னு யாரும் வித்துடறது இல்லையே சார்" என்றார் டாக்டர்.

 கடைசியில் மேலதிகாரியே ஒரு வழி சொன்னார். புது மருந்து முதலில் எங்களுக்கு வரும். காலாவதிக்குச் சில மாதம் இருக்கும்போது நெல்லுப் பக்கம் போகும். ஆனால் அதற்குப் பதிலாகப் புதுக் குப்பிகள் எங்களுக்கு வந்து சேராமல் பழையது நகரக்கூடாது. அதற்கும் ஒரு பொன்னாடை உண்டு. இந்த முறை அவருக்கு.

சில வாரம் கழித்து அந்தப் பெண் லேசாகக் காலை இழுத்து நடந்து வந்தாள். வலிக்குத் தைலம் வாங்கியவள், ஜன்னலை விட்டு நகரவில்லை.

"அந்த மருந்து இப்ப இங்க கீதாமே. காட்டேன், பாக்கறேன்."

ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இத்தினூண்டா? இதுக்கா என்னை அம்மாந்தூரம் இட்டுனு போனாங்க?" என்றாள். பிறகு என் கையைப் பார்த்துப் பதறினாள். "உள்ள வெச்சு மூடும்மா, கெட்டுடப் போவுது."