லாவெர்ன் பறண்டலைப் படித்த கதை

விஸ்கான்சின் வடக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லாவெர்ன் ஸ்ட்ராய்க் மாதிரி மான் தடம் படிக்கிறவர் அந்த வட்டாரத்திலேயே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்! மரத்தில் கொம்பு உரசிய உயரத்தைப் பார்த்தே மானின் வயதைச் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறார். வேட்டைக் குடிசைச் சுவரில் அவர் பெயருக்கு ஒரு கொம்புகூடக் கிடையாது, அதுதான் விஷயம். இந்த முறையும் வெறுங்கை என்றால், குன்றின் மேல் ஏறி உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கும் அவருடைய பரண் கொழுந்தியாள் மார்லிஸுக்குப் போய்விடும். குடும்பமே கூடி அப்படி முடிவு செய்திருந்தது.

அக்டோபரில் ஓடைக்கரையில் ஒரு பறண்டல் கண்ணில் பட்டது. கொம்பன், அதாவது பெரிய ஆண் மான், காலால் மண்ணைக் கீறி மூத்திரம் விட்டு, 'இது என் இடம்' என்று சொல்லும் குழி. லாவெர்ன் மண்டியிட்டு மோந்தார். கடையில் வாங்கிய மான் மூத்திரப் புட்டியிலிருந்து நாலு சொட்டு விட்டார். வேறொரு ஆணின் வாடை அடித்தால் இடத்துக்காரனுக்கு ரோஷம் வருமே! வந்தது. மூன்றே நாளில் குழி புதிதாகக் கீறப்பட்டிருந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடி கீறல். ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் எழுந்து நின்றே அறிவித்தார்: "நாலு வயசு. இடது கால் பழக்கம். சரியான திமிர் பிடிச்சது!"

குன்றை மறந்து மூன்று வாரம் ஓடையிலேயே கிடந்தார்.

வேட்டைக் காலம் தொடங்கிய முதல் நாள். விடிந்ததும் எதிர்ப் புதரில் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை ஒன்று அசைந்தது.

"அத்தான்? இங்க என்ன பண்றீங்க?"

"மார்லிஸ்! இது என் மான் வர்ற இடம்."

"என் மானு! கொம்பனை வரவைக்க நான்தான் தோட்டத்து முள்வாரியால பறண்டி வச்சேன். ஒவ்வொரு தடவையும் வந்து ஊத்திட்டுப் போகுதே, பெரிய கொம்பன்தான்னு நெனச்சேன்."

லாவெர்னுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊத்தினது நான்."

மார்லிஸ் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இடதுன்னு சரியாத்தான் படிச்சிருக்கீங்க. திமிருன்னும் சொன்னீங்களாமே?"

"மூணு வாரமா மண்டி போட்டு மோந்திருக்கேன்டி!"

"அக்காகிட்ட சொல்லமாட்டேன். வாங்க, காப்பி இருக்கு, குன்றுக்குப் போவோம்."

பரணுக்கு நாலடி தள்ளி இருவரும் அப்படியே நின்றார்கள். தொடை பருமன் பைன் மரத்தில் இடுப்புயரத்துக்குப் பட்டை உரிந்து கிடந்தது. பிசின் இன்னும் ஈரம். லாவெர்ன் தொட்டுப் பார்த்தார். இதை எந்த முள்வாரியும் செய்திருக்க முடியாது.

மார்லிஸ் மெதுவாகச் சொன்னாள்: "சீசன் இன்னும் முடியல. பரண் உங்களோடதுதான் அத்தான். ஏறுங்க."

அவர் ஏணியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "நான் இல்லாதப்பதான் வந்திருக்கு. நீ ஏறு."

ஏறினாள். அவர் கீழே உட்கார்ந்து மரத்தைத் தடவியபடி தொடங்கினார்: "அஞ்சு வயசு இருக்கும் மார்லிஸ். கொம்பு அகலம் பாத்தியா? இந்தப் பக்கம் உரசிட்டு, அப்படித் திரும்பி, அப்புறம்..."

"அத்தான்," மேலிருந்து கிசுகிசுப்பு வந்தது. "இருபத்திரண்டு வருஷமும் இப்படித்தான் பேசிட்டே இருந்தீங்களா?"

லாவெர்ன் வாயைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார்.