ஓடுகிற பைக்குள் இருந்த புத்தகம்

யுத்த காலத்தில், மூதூரில் எங்கள் வீட்டுக் கதவடியில் எப்போதும் ஒரு பை தொங்கும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிப் பத்திரம் எல்லாம் அதற்குள். ஷெல் விழத் தொடங்கினால் வேறு எதையும் பார்க்காமல் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தங்கச்சியின் உயிரியல் சீடியையும் அப்பா அதற்குள்தான், காணி உறுதியோடு சேர்த்து வைத்திருந்தார். "இதுவும் சொத்துத்தானே" என்பார்.

சொத்துத்தான். உயர்தரப் பரீட்சைக்கான பாடப் புத்தகம் முழுவதும் படங்களோடு அதில் இருந்தது. என் சம்பளத்தில் வாங்கியது. வாங்கிய அன்றே கொழும்பிலுள்ள கம்பனிக்கு போன் எடுத்து, அவர்கள் சொன்ன இலக்கத்தைத் தட்டித்தான் அதைத் திறந்தோம்.

ஓடவேண்டிய நாளும் வந்தது. கம்பியூட்டரை யார் தூக்குவது? பையோடு கிண்ணியா வழியாக வந்து, திருகோணமலைத் துறைமுகத்தடியில் பெரியம்மா வீட்டில் தங்கினோம். தங்கச்சிக்கு அடுத்த மாதம் உயர்தரச் சோதனை. கொப்பி, புத்தகம் ஒன்றுமில்லை. "அதுதான் சீடி இருக்கே, ஏன் அழுறாய்?" என்று பெரிய வாய் பேசினவள் நான்தான்.

பெரியம்மா வீட்டுக் கம்பியூட்டரில் போட்டால், அது திரும்பவும் இலக்கம் கேட்டது. கொழும்புக்கு போன் எடுத்தேன்.

"அது ஒரு கம்பியூட்டருக்குத்தான் மிஸ். நீங்கள் ஏற்கெனவே பதிஞ்சிட்டீங்கள்" என்றார் கம்பனிக்காரர்.

"அந்தக் கம்பியூட்டர் மூதூரில கிடக்கு. அங்க ஷெல் விழுது! சீடி என்ர கையில இருக்கு. காசு குடுத்து வாங்கினது!"

"நீங்கள் வாங்கினது புத்தகத்தை இல்லை மிஸ். அந்தக் கம்பியூட்டரில வாசிக்கிற அனுமதியை மட்டும்தான். விட்டால் ஊர் முழுக்கப் பிரதி அடிக்கினம். எழுதினவர் என்ன செய்யிறது?"

எழுதினவர் வயிற்றில் அடிக்கச் சொல்லி யார் கேட்டது? கடையில் வாங்கிய புத்தகத்தை எந்த மேசையில் வைத்தும் திறக்கலாமே! விட்டுவிட்டு ஓடிவந்த காணி இன்னும் எங்களுடையது, கையில் இருக்கிற புத்தகம் எங்களுடையது இல்லையாம். இது என்ன விசர்க்கதை? வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய கம்பியூட்டர் இருந்தால் அதில் திறக்கலாம் என்றார்.

"பழைய கம்பியூட்டர் வேணுமாம்!" என்று போனை வைத்துவிட்டுக் கத்தினேன். பக்கத்தில் நின்ற அப்பா சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெட்டிதானே? நான் போய்த் தூக்கிக்கொண்டு வாறன்."

குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பக்கம் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. ஐயோ கடவுளே, நானே அல்லவா வாயைக் கொடுத்தேன்! "உங்களுக்கு விசரே அப்பா? ஏலாது, போகேலாது!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பிள்ளையின் படிப்பு என்று வந்தால் அவருக்கு வேறு ஒன்றும் காதில் விழாது.

தங்கச்சி எழுந்துபோய் சீடியை வெளியே எடுத்தாள். முழங்காலில் வைத்து வளைத்தாள். டக்கென்று இரண்டாக உடைந்தது.

"இனி அந்தப் பெட்டி எதுக்கு? இருங்கோ அப்பா."

அப்பா ஒரு காலில் மட்டும் செருப்போடு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் தங்கச்சி சோதனை எழுதவில்லை.