யார் பார்த்ததால் தோற்றது

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும், இப்போது எங்கள் குடியிருப்பிலும் தெரிந்துவிட்டது, அதனால் மறைக்க ஒன்றுமில்லை. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்திறங்கும் சரக்கில் கொஞ்சத்தை எடுத்துச் சோதித்துவிட்டு, மொத்தத்தையும் ஏற்றுக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எந்த மூட்டையில் கையை விடுகிறோம் என்பதைப் பொறுத்து நல்ல சரக்கையும் கெட்டதாகக் காட்டலாம் என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். இருந்தவரை ஒருநாளும் நான் அப்படிச் செய்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் செய்தேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் நானும் என் கணவரும் நூம்பலில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். பிள்ளை வெளிநாட்டில். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பைத்தியம் கிரிக்கெட். இந்திய அணி ஆடினால் அடுப்பில் இருப்பது கருகும். அந்த வருடம் நம் நாட்டிலேயே உலகக் கோப்பை என்று அவர் ஜனவரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி மாதம் மார்வலி வந்து, வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் ஆம்புலன்சிலேயே போய்விட்டார்.

கோப்பை அக்டோபரில் தொடங்கியது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சங்கத்துக்கு ஒரு ஹால் உண்டு, பெரிய டிவி உண்டு, எல்லோரும் அங்கே கூடித்தான் பார்ப்பார்கள். நான் போகவில்லை. மாடியில் தனியாக, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். வரிசையாகப் பத்து ஆட்டம், பத்தும் வெற்றி. ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து கூச்சல் வரும். பக்கத்தில் திரும்பி எதையாவது சொல்ல வாயெடுப்பேன், ஆள் இருக்காது. இறுதி ஆட்டத்தன்று அந்த வெறும் சோபாவைப் பார்க்கச் சகிக்காமல் புடவையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினேன்.

நான் உள்ளே நுழைந்தபோது கேப்டன் நன்றாக அடித்துக்கொண்டிருந்தார். உட்கார இடம் தேடினேன். கேப்டன் பந்தைத் தூக்கி அடிக்க, ஒருவன் பின்னால் ஓடிப்போய் விழுந்து பிடித்துவிட்டான். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது, உட்கார்ந்தேன். அடுத்த ஓவரில் இன்னொருவர் போனார். நாலைந்து தலைகள் டிவியை விட்டு என் பக்கம் திரும்பின.

செயலாளர் எழுந்து வந்தார். சங்கத்தின் செயலாளர், பூந்தமல்லிக்காரர், அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டிவிக்கு நேர் எதிரே கைவைத்த மர நாற்காலி ஒன்று அவருடையது, அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், நான் வீட்டிலிருந்தே பார்த்தால் நன்றாக இருக்கும் என்று. வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

அன்று நாம் தோற்றோம். ஆட்டம் முடிந்து ஆண்கள் படிக்கட்டுப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். குப்பைக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த நான் மேல்படியிலேயே நின்றுவிட்டேன். செயலாளர் குரல்தான்.

"பத்து மேட்ச் அந்தம்மா வரல, பத்தும் அடிச்சோம். பதினொண்ணாவதுக்கு வந்து குந்திச்சு. அது ஊட்டுக்காரரையே முழுங்கிச்சி, கப்பு இன்னா, எம்மாத்திரம்."

யாரோ சிரித்தார்கள். யாரும் அவரை அடக்கவில்லை.

ஆனால் அவர் சொன்னதைவிடப் பெரிய அவமானம் ஒன்று உண்டு. ஒரு வாரம் நானும் அதை நம்பினேன். முப்பது வருடம் அளவுகோலும் கையுமாக இருந்தவள், ராத்திரி படுத்துக்கொண்டு, அன்றைக்கு என் கணவரைக் காலையில் காய்கறி வாங்க அனுப்பாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, நான் கீழே போகாமல் இருந்திருந்தால் என்று முடித்தேன். ஒரு மனுஷியை அப்படி நினைக்கவைத்துவிட்டு அந்த ஆள் நிம்மதியாகக் குறட்டை விட்டிருப்பார். அவரும் ஒருநாள் தன்னைப் பற்றி அப்படி நம்ப வேண்டும். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அது மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் ஜூனில் இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்தோம். நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். கீழே வெடி வெடித்தார்கள். மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதியிருந்தார், இந்த முறை யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தானே கவனித்துக்கொண்டதாக. முப்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். அன்றைக்கே ஒரு நோட்டு எடுத்தேன்.

நோட்டில் நாலு பத்தி. ஆட்டம், நாள், செருப்பு, முடிவு. செருப்பு என்றால் செயலாளரின் செருப்பு. கட்டைவிரலுக்குத் தனி வளையம் வைத்த தோல் செருப்பு, குடியிருப்பிலேயே வேறு யாரிடமும் கிடையாது. என் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஹால் வாசல் தெரியும். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காலை, மதியம், மாலை மூன்று வேளை எட்டிப் பார்த்து எழுதினேன்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஜூன் மாதக் கோப்பையை நான் நோட்டில் சேர்க்கவில்லை. அன்று அவர் அந்த மர நாற்காலியில்தான் இருந்தார், நாமும் ஜெயித்தோம், அது எனக்குத் தோதுப்படவில்லை. சீசன் என்றால் செப்டம்பரில் தொடங்குவதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது ஓவர் ஆட்டங்களையும் விட்டுவிட்டேன். டெஸ்ட்தான் நிஜமான கிரிக்கெட் என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

செப்டம்பரில் வங்கதேசம் வந்தது. செயலாளர் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். சேப்பாக்கத்தில் ஜெயித்தோம். கான்பூரில் இரண்டு நாள் மழையில் போயும் ஜெயித்தோம். செருப்பு இல்லை, செருப்பு இல்லை. ஆயுத பூஜை கழிந்து அவர் திரும்பினார், நியூசிலாந்தும் வந்து சேர்ந்தது. பெங்களூரில் நாற்பத்தாறு ரன்னில் எல்லோரும் அவுட். சொந்த மண்ணில் அவ்வளவு கேவலமாக நாம் சுருண்டதே இல்லை என்று டிவியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாசலில் செருப்பு. புனேயில் செருப்பு, மும்பையில் செருப்பு. மூன்றும் தோல்வி. உள்நாட்டில் பல வருடமாகத் தொடர் எதையும் இழக்காத அணி. என் வீட்டுச் சாமிக்கு அன்று கற்பூரம் ஏற்றினேன், நாட்டுக்குத் துரோகம் என்றால் இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாப் பயணம் இன்னும் அழகு. முதல் டெஸ்ட் பெர்த்தில். அந்த வாரம் பார்த்து அவருக்குக் கண்புரை ஆபரேஷன், டாக்டர் டிவி பார்க்கக் கூடாது என்றுவிட்டார். பெர்த்தில் பிரமாதமாக ஜெயித்தோம். அடிலெய்டுக்குக் கறுப்புக் கண்ணாடியோடு வந்துவிட்டார், மூன்றே நாளில் தோற்றோம். பிரிஸ்பேன் சமயத்தில் கிணற்று மோட்டார் ரிப்பேர், பாதி நேரம் மெக்கானிக்கோடு நின்றார், பாதி நேரம் ஹாலில் இருந்தார். ஆட்டம் டிரா. இதை எழுதும்போது நானே சிரித்துவிட்டேன். மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் விடியற்காலையிலேயே ஃப்ளாஸ்கில் காபியோடு வந்து கடைசிப் பந்து வரை உட்கார்ந்தார். இரண்டும் போயின.

பொங்கலன்று ஹாலில் எல்லோரும் கூடினார்கள். பொது விசேஷம் என்பதால் என்னைத் தடுக்க முடியாது. வாழையிலையில் பொங்கலை வைத்துக்கொண்டு, சிட்னித் தோல்வியைப் பற்றி ஆண்கள் இழவு வீடு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடியில் இருக்கும் மதுரைக்காரப் பையன், ஐடி கம்பெனியில் வேலை, யார் ராசியோ தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டான். ராசி என்ற சொல் வந்ததும் செயலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

யாரையும் குறை சொல்லவில்லை, எழுதியதை மட்டும் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆய்வறிக்கை படிக்கிற குரலில் படித்தேன். கோயம்புத்தூர், வெற்றி. கோயம்புத்தூர், வெற்றி. ஹால், நாற்பத்தாறு ரன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கண் ஆபரேஷன் வந்ததும் சிரிப்பு குறைந்தது. மோட்டார் ரிப்பேர் வந்தபோது ஹாலில் ஒரு சத்தம் இல்லை. மெக்கானிக் வந்த நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

"இன்னா மேடம், வெள்ளாட்றீங்களா?" என்றார்.

"யார் எங்க உக்காரணும்னு நீங்கதான சார் பாத்துக்கறீங்க. அதான் உங்ககிட்டயே கொடுக்கறேன்" என்று நோட்டை அவர் மடியில் வைத்தேன்.

ஜூன் கோப்பையை யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கே ஞாபகம் வரவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், திரும்ப முதலிலிருந்து புரட்டினார். அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்கக் காகிதத்தை நம்பிய மனிதர், எழுதியிருப்பது அவருக்குப் பொய்யாகத் தோன்றாது.

அந்த மாதமே இங்கிலாந்து வந்தது. மதுரைக்காரப் பையன்தான், சும்மா ஒரு சோதனைக்கு, செயலாளர் அண்ணன் தன் வீட்டிலேயே இருக்கட்டுமே என்றான். நான் வாயே திறக்கவில்லை. செயலாளர் வீட்டில் இருந்தார், முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். மூன்றாவதில் தோற்றபோது, அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை அவரே வந்து ஒத்துக்கொண்டார், மனசு கேட்காமல் பாத்ரூமில் வைத்து செல்போனில் பத்து நிமிடம் பார்த்துவிட்டாராம். அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லாமல் போனது. போனைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தை வாரிச் சுருட்டினோம். பிப்ரவரியில் துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை தொடங்கியது, ஒன்றில்கூடத் தோற்காமல் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரணி அதே நியூசிலாந்து.

எனக்கு ஹாலில் இடம் கிடைத்துவிட்டிருந்தது. மதுரைக்காரப் பையன் மாடிக்கே வந்து, "ஆன்ட்டி, நீங்க வந்தாத்தான் ஆரம்பிப்போம்" என்று கூப்பிட்டான். எனக்கென்று ஒதுக்கியது மர நாற்காலி. நன்றாகத்தான் இருந்தது, முதுகுக்கு இதமான நாற்காலி.

இறுதி ஆட்டத்தன்று டாஸ் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் செயலாளர் ஹால் வாசல் வரை வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார். இரண்டு மாதத்தில் ஆள் இளைத்திருந்தார்.

"மேடம், நான் பாக்க மாட்டேன். மாடிப்படியில குந்திகினு சத்தம் மட்டும் கேக்கலாமா? கேட்டா அதுவும் கணக்குல வருமா?"

எல்லாம் உளறல், உள்ளே வந்து உட்காருங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஜூன் மாதத்தை நினைவுபடுத்தியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்ததா என்று கேட்டால், இல்லை, வரவில்லை. படிக்கட்டில் நின்று சிரித்த அந்தக் குரல்கள்தான் காதில் கேட்டன.

"கேக்கறதும் கணக்குதான் சார்" என்றேன். "வேலப்பன்சாவடி வரைக்கும் போயிட்டு வாங்க. டீக்கடைல டிவி இருக்கும், அங்க நிக்காதீங்க."

தலையாட்டிக்கொண்டு போனார். கேட்டைத் தாண்டும் வரை பார்த்தேன். அதன்பின் மத்தியானம் முழுக்க, சாயங்காலம் முழுக்க ஆட்டம் நடந்தது. அவர் மனைவி ஹாலில் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், அவருடைய போனையும் தன்னுடையதையும் மடியில் வைத்துக்கொண்டு. கடைசிக்கு முந்தின ஓவரில் ஒரு பவுண்டரியோடு ஜெயித்தோம். எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். என்னையும் யாரோ ஒரு பெண் கட்டிக்கொண்டாள். என் கணவர் போனதற்குப் பிறகு என்னை யாரும் தொட்டிருக்கவில்லை.

செயலாளர் மனைவியின் போன் அடித்தது. ஏதோ கடைக்காரரின் போனிலிருந்து கணவர் பேசுகிறார் என்று சொல்லி, நீங்களே சொல்லுங்கள் என்று என் கையில் கொடுத்தார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. எட்டு மணி நேரம் அந்த மனிதர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருக்கிறார்.

"ஜெயிச்சிட்டோம் சார்" என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று புரிந்தது.

"நல்லவேள மேடம்" என்றார், "நான் பாக்கல."

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.