அக்காவின் சீர் மிக்சி

எங்கள் நைனாவுக்குப் புதுச் சாமான் வாங்குவது என்றாலே வேப்பங்காய். கொஞ்சம் நிலமும் கிணற்றில் ஒரு மோட்டாருமாக இருந்த மனுஷர். அந்த மோட்டாரை அவரே பிரிப்பார், அவரே மாட்டுவார். உத்திரமேரூரில் ரிப்பேர் கடை இல்லாமல் இல்லை. "அவங்கிட்ட குடுத்தா நல்ல பார்ட்ஸைக் கழட்டிக்கினு ஓட்டை பார்ட்ஸைப் போட்டு அனுப்புவான்" என்பார். அவர் கை வைத்தால் எதுவும் ஓடும் என்பதும் உண்மைதான். வினையே அதில்தான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவைப் பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்தில் கொடுத்தோம். சீரோடு ஒரு மிக்சியும் போயிற்று. அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் மிக்சி. அக்கா முழுகாமல் இருந்த ஐந்தாம் மாதம் அது ஓடாமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வந்து சொன்னார்.

"மாமா, மிக்சி ஓடல. வேற ஒண்ணு வாங்கித் தரச் சொல்லி அம்மா கேக்கறாங்க."

"புதுசு இன்னாத்துக்கு மாப்ள? அப்பிடி இன்னா பெரிய மிஷினு அது? நானே பிரிச்சிப் பாத்துடறேன்" என்றார் நைனா.

ஆனால் எங்கே வைத்துப் பிரிப்பது? பெண்ணைப் பெற்றவர் சம்பந்தி வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து திருப்புளி பிடித்தால் மரியாதை என்னாவது? மிக்சியை மட்டும் இங்கே அனுப்பவும் அவர்கள் சம்மதிக்கவில்லை. சீர்ச் சாமான் தனியாக வாசல் தாண்டினால், பெண்ணையே தள்ளிவைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசுமாம். அங்கேயே யாரையாவது விட்டுப் பார்க்கலாம் என்றால் அதுவும் கூடாது. சீர் பழுதானால் பெண் வீட்டார்தான் பார்க்க வேண்டும். இப்படி ஆளாளுக்கு ஒரு கௌரவம். கடைசியில் நைனாவே முடிவு சொன்னார்: "ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சி அவள இட்டுக்கினு வரும்போது மிக்சியும் கூடவே வரட்டும்."

ஏழாம் மாதம் பிறந்தது. அதற்குள் அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. வளைகாப்பு ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிப்போனது. மிக்சியும்தான்.

நடவு நேரம் அது. வீட்டு ஆட்களோடு நடவு ஆட்களுக்கும் சேர்த்து அக்கா அம்மியில் அரைத்தாள், ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். நானும் அம்மாவும் பார்க்கப் போன அன்று, ஆட்டுக்கல் முன்னால் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆட்டினாத்தான் சுகப் பிரசவம் ஆவும்" என்றார் அவள் மாமியார். எங்கள் அம்மாவும் தலையாட்டினாள். அவளும் அப்படித்தான் நம்பினாள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நைனாவ எப்பிடியாவது மிக்சிய சரிபண்ணித் தரச் சொல்லுடி. முதுகே வுட்டுப் போவுது" என்றாள்.

வந்து சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாளுதான. பொறுத்துக்கச் சொல்லு" என்றார் நைனா.

"அப்ப புதுசுதான் வாங்கிக் குடேன்!" என்று கத்தினேன். வாயை மூடச் சொன்னார்.

எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் குழந்தை. ஆட்டினதால் இருக்குமா என்று ஆஸ்பத்திரியில் அம்மா நர்சம்மாவிடம் கேட்டாள். "அதெல்லாம் இல்லமா. சிலதுக்குக் காரணமே தெரியாது" என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் காரணம் தெரியாதபோது எதை வேண்டுமானாலும் காரணம் என்று நினைத்துக்கொள்ளலாமே. எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். பஸ் ஏறும் இடத்துக்கு வந்து மாமியார் ஒரு துணி மூட்டையைக் கொடுத்தார். உள்ளே மிக்சி. பெண்ணோடு வந்தது பெண்ணோடு போகிறது, முறைப்படி! பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவள் கையில் அதைக் கொடுத்தனுப்ப அந்த அம்மாவுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நைனா கூடத்தில் கோணியை விரித்து மிக்சியைக் கவிழ்த்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வற்ற வேண்டும் என்று அம்மா அவள் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தாள். கூடம் முழுக்க அந்த வாசனை. எனக்கு இன்றைக்கும் அந்த வாசனை ஆகாது.

நைனா அடித்தட்டைக் கழற்றினார். மோட்டாரை வெளியே எடுத்துக் கம்பி சுற்றிய காயிலை மோந்து பார்த்தார். கருகல் இல்லை. கார்பன் தேயவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, மாட்டி, சுவிட்சைத் திருகினார். ஓடவில்லை. மறுபடியும் பிரித்தார். மத்தியானம் சோற்றுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

அம்மா பொறுக்க முடியாமல் வந்து நின்றாள். "உள்ளயே நோண்டிக்கினு கீறீங்களே, பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா?"

பம்பு செட்டுக்கு ஏது பிளக்? ஸ்டார்ட்டரிலிருந்து ஒயர் நேராக மோட்டாருக்குப் போகும். அதையே பிரித்துப் பழகியவருக்கு அது தோன்றவே இல்லை. பிளக்கைத் திறந்தார். ஒரு ஒயர் ஸ்க்ரூவிலிருந்து நழுவித் தனியாகக் கிடந்தது. அதைச் சுற்றி முறுக்கிச் சொருகினார். மிக்சி ஓடியது.

"இவ்ளோதானா நைனா?" என்றாள் அக்கா.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். நைனா மிக்சியை நிறுத்தவில்லை. காலி ஜாடி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அதற்கப்புறம் அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பெருநகரில் அத்தனை பேர் இருந்தார்களே, ஒருத்தராவது அந்தப் பிளக்கைத் திறந்து பார்த்தார்களா, பாவிகள்!

உடம்பு தேறியதும் மாப்பிள்ளை அழைத்துப்போக வந்தார். நல்ல மனுஷர். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்: "மிக்சில இன்னா கோளாறு மாமா?"

நைனா வாயைத் திறந்தார். அதற்குள் சமையற்கட்டிலிருந்து அக்கா வெளியே வந்தாள்.

"காயிலே எரிஞ்சி பூட்ச்சி. வேற யாரா இருந்தாலும் தூக்கிப் போடுன்னு சொல்லியிருப்பாங்க. நைனா சோறு தண்ணி இல்லாம உக்காந்து புதுசா கம்பி சுத்திக் கட்டினாரு."

"அடேங்கப்பா, பெரிய வேலதான்" என்றார் மாப்பிள்ளை.

நைனா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வைக்கோல் போரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா கெளம்புது, வா நைனா."

"அவ என்னை நாலு வார்த்த திட்டியிருக்கலாமே" என்றார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்து?"

அவர்மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து, நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார் என்று சொன்னேன்.

"காட்டட்டும், கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.