கதவருகே நிற்பவள்

ஓவியக்கூடத்தின் ஏழாம் அறைக் காவலரை உடன் வேலை பார்ப்பவர்கள் ‘நாற்காலி’ என்பார்கள். பதினாறு வருடமாக அதைவிட்டு எழுந்ததில்லை என்பது கேலி. படம் பார்க்க வருபவர்கள் அவருக்கு முதுகைத்தான் காட்டுவார்கள். தரையில் உள்ள மஞ்சள் கோட்டைக் கால்கள் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. முகம் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிற்று.

எதிர்ச் சுவரில் பெரிய தோட்டத்துப் படம். பளிங்குத் தூண்கள், குளம், நிழலில் சாய்ந்திருக்கும் ஏழெட்டுப் பேர். ஒரு சருகுகூட விழாத இடம். ஓரத்தில், பாதி திறந்த கதவில் கைவைத்தபடி நீல உடுப்பில் ஒரு பெண்.

“இந்தச் சொர்க்கத்தை விட்டுட்டுப் போறா, பாருங்க” என்பாள் வழிகாட்டி, தினமும் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் பார்வையை மஞ்சள் கோட்டுக்குத் திருப்பிக்கொள்வார். ஐந்து வருடத்துக்கு முன் அவர் மகள், அவருக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வருவாள் என்று நினைத்துக்கொண்டிருப்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டமில்லாத ஒரு மழைநாளில் வாயைத் திறந்தார்.

“ஏம்மா, அவ போகலை. வர்றா.”

“அட, நாற்காலி பேசுதே! எதை வச்சுண்ணே சொல்றீங்க?”

“காலைப் பாரு.”

குனிந்து பார்த்தாள். மற்றவர்கள் பாதமெல்லாம் பால்வெள்ளை. நீல உடுப்புக்காரிக்குக் கணுக்கால்வரை புழுதி.

“உள்ளே ஏது மண்ணு? புல்லும் பளிங்கும்தானே. ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கா.”

“இத்தனை நாளா கிளிப்பிள்ளை மாதிரி தப்பா ஒப்பிச்சிருக்கேனே! நாளையிலேர்ந்து உங்க கதைதான்.” சிரித்தவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். “ஆனா ஒண்ணுண்ணே. வந்தவளை ஏன் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை?”

அவர் எழுந்து கோட்டருகே போய் முகங்களைப் பார்த்தார். ஒருவன் பழத்தைப் பார்த்தான். ஒருத்தி தண்ணீரைப் பார்த்தாள். ஒரு கழுத்தும் திரும்பியிருக்கவில்லை.

மகள் ஒருமுறை வந்திருந்தாள். வீட்டை விட்டுப் போனதற்கு மறுவருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். வாசலில் “அப்பா” என்று கேட்டது. அவர் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. பழைய தண்ணீர் மோட்டார் விற்பனைக்கு என்ற விளம்பரத்தை மூன்று முறை படித்தார். தலையைத் தூக்கியபோது வாசலில் யாருமில்லை.

அவர் படத்திலிருந்து திரும்பி, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வெளிப்படிக்கட்டில் நின்று மனைவிக்கு போன் செய்தார்.

“அவ வீட்டு விலாசம் சொல்லு.”

“எதுக்கு? சண்டை போடவா?”

“இல்லை. பார்க்கணும்.”

மனைவி தெரு, வீட்டு எண், பஸ் எண், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். மாதம் தவறாமல் போய்வருகிறவளின் குரல். அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

“நீ போறப்ப என்னைப் பத்திக் கேட்பாளா?”

“முதல்ல எல்லாம் கேட்பா” என்றாள் மனைவி.