வாசல் கதவுக்கு ஒரு மூலைவிட்டம்

எங்கள் வீட்டு மதில் வாசலில் இருந்த மரக் கதவு, அதைச் செய்த வருஷத்தில் மட்டும் செவ்வகமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு விவரம் தெரிந்தபோது அது சாய்ந்து இணைகரமாகிவிட்டிருந்தது. கீல் இருந்த பக்கம் நிமிர்ந்து நிற்க, கொண்டி இருந்த பக்கம் கீழே இறங்கி, அடிச்சட்டத்தின் மூலை மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. யார் திறந்தாலும் அது கரகரவென்று தரையைக் கீறிக்கொண்டே போகும். கீறிக் கீறி அங்கே ஒரு கால் வட்டம் விழுந்திருந்தது. என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த கவராயத்தால் அவ்வளவு சுத்தமாக ஒரு வில் நான் போட்டதில்லை.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா பிரான்ஸில் பட்டாளத்தில் இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் அது பெரிய செய்தி ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப்பட்ட வீடுகள் வேறு இருந்தன. ஆனால் அங்கெல்லாம் மாமனாரோ கொழுந்தனாரோ யாராவது உடன் இருந்தார்கள். எங்களுடையது தெருவின் கடைசி வீடு. ஆளுயர மதில், அதற்கு அப்பால் கருவேலமரங்கள், அதற்கும் அப்பால் அரசலாறு.

பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டால் நான் வெளியே போகக்கூடாது. அம்மாவும் மாதா கோயில் பூசைக்கும் ரேஷன் கடைக்கும் தவிர எங்கும் போக மாட்டாள். ஆகவே எனக்கென்று சில விளையாட்டுகள் இருந்தன. தாயக்கட்டையை இரண்டு பேருக்கும் சேர்த்து நானே உருட்டுவது. வகுப்பில் என்னோடு பேசாதவளிடம் கண்ணாடி முன் நின்று பேசுவது, அவளுக்குப் பதிலாக நானே பதிலும் சொல்வது. மதிலின் வெடிப்புகளுக்கு ஆறுகளின் பெயர் வைப்பது. இவை தீர்ந்துவிட்டால் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் உள் அறையில் தலையணை உறைகளுக்குப் பூத்தையல் போட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மாவிடம் ஒரு வித்தை இருந்தது. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே வாசலில் வருவது யார் என்று சொல்லிவிடுவாள். "பால்காரரு. சொம்ப எடுத்துட்டுப் போ" என்பாள், போய்ப் பார்த்தால் பால்காரர்தான் நிற்பார். "ஒன் மாமா" என்பாள். கோட்டுச்சேரியிலிருந்து மாமா கத்தரிக்காய்ப் பையோடு வந்துகொண்டிருப்பார். எல்லா அம்மாக்களுக்கும் இது முடியும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். வரும்போதே கதவோடு சண்டை போட்டுக்கொண்டு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலால் ஓர் உதை கொடுத்துத் திறந்தபடி கத்தினார்.

"ஏம்மா, ஒரு தச்சன அனுப்பறேன்னா வேணாங்கற. கேட்டு இப்படித் தொங்கிக்கிட்டுக் கெடந்தா, இது ஆம்பள இல்லாத வூடுன்னு போர்டு எழுதி மாட்டின மாதிரிதான்."

"இருக்கட்டும்ணே. அவங்க லீவுல வந்து பாத்துக்குவாங்க."

"போன லீவுலயும் இதத்தான் சொன்ன. அவரு வந்தாரு, நண்டு தின்னாரு, போயிட்டாரு. கேட்டு அப்புடியே கெடக்கு."

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதவைப் பார்க்கும் எவரும் எங்களைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதை முடிந்தவரை நிமிர்த்திச் சாத்த ஆரம்பித்தேன். கையை எடுத்ததும் அது பழையபடி சாய்ந்துகொள்ளும்.

ஏழாம் வகுப்பில் பலகோணங்கள் வந்தன. எங்கள் கணக்கு சிஸ்டர் எல்லாரையும் தென்னை ஈர்க்கும் சைக்கிள் வால்வு ட்யூபும் கொண்டுவரச் சொன்னார். ட்யூபைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு ஈர்க்கு முனைகளைச் செருகினால் அது ஒரு மூலை. பெண்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தி பிடிக்க ஒருத்தி செருகினார்கள். வகுப்பில் ஒற்றைப்படை எண்ணிக்கை. நான் ஒரு பக்கத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டு செய்தேன்.

முக்கோணம் விறைப்பாக நின்றது. நாற்கரம் தொட்டவுடன் படுத்துக்கொண்டது. ஐங்கோணம் துணி மாதிரி தொங்கியது.

"மூணு பக்கம் இருந்தா ஏன் அசைய மாட்டேங்குது?" என்று சிஸ்டர் கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: "பக்கத்தோட நீளம் மாறாம கோணம் மட்டும் மாற முடியாது, அதான். நாலு பக்கத்துல அது முடியும். அதே நீளம், ஆனா கோணம் இஷ்டத்துக்குப் போகும். இப்ப குறுக்க ஒரு ஈர்க்கு வச்சுப் பாருங்க."

குறுக்கே, மூலைக்கு மூலை, இன்னொரு ஈர்க்கைச் செருகினேன். நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகி நின்றுவிட்டது. அந்தக் குறுக்கு ஈர்க்கின் பெயர் மூலைவிட்டம் என்று சிஸ்டர் கரும்பலகையில் எழுதினார். ஐங்கோணத்துக்கு இரண்டு வேண்டும், அறுகோணத்துக்கு மூன்று. எத்தனை பக்கமோ அதில் மூன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கு ஈர்க்கை உருவிவிட்டு என் நாற்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் அது ஒரு பக்கமாக இறங்கிக் கிடந்தது. அது எங்கள் வாசல் கதவேதான்.

சனிக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். தேவையானவற்றை முன்பே சேர்த்து வைத்திருந்தேன்: அப்பா சாமான் அனுப்பிய மரப்பெட்டியிலிருந்து கழன்ற ஒரு நீளப் பலகை, அதே பெட்டியின் ஆணிகள், அம்மிக் குழவி. வீட்டில் சுத்தியல் இல்லை. கதவின் இறங்கிய மூலைக்கு அடியில் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி, மேல்சட்டம் மதிலுக்கு மட்டமாக வரும்வரை தூக்கினேன். பலகையைக் குறுக்கே வைத்து அடித்தேன்.

எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு என்று சிஸ்டர் சொல்லவில்லை. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான், மரத்துக்கு ஒன்றல்ல. கீல் பக்கத்து அடி மூலையிலிருந்து கொண்டிப் பக்கத்து மேல் மூலைக்குப் போனால்தான் பலகை நன்றாகச் சுமக்கும். கட்டட வரைபடம் போடும் வேலைக்கு வந்தபிறகு தெரிந்துகொண்ட விஷயம் இது. அன்று நான் அப்படித்தான் அடித்திருந்தேன், வலது கைக்கு வாகாக இருந்தது என்ற ஒரே காரணத்தால்.

செங்கற்களை உருவினேன். கதவு இறங்கவில்லை. ஒரு விரலால் தள்ளினேன். காற்றில் மிதப்பதுபோலத் திறந்தது.

அம்மா அரிசிப் பையோடு வந்தாள். வழக்கம்போல இடுப்பால் இடித்துத் திறந்தவள், எதிர்ப்பே இல்லாமல் கதவு வழிவிட்டதில் இரண்டு எட்டு முன்னால் தடுமாறி நின்றாள். பையைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

"யாருடி செஞ்சது?"

"நாந்தான்."

அம்மா அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கதவை இன்னொரு முறை ஆட்டிவிட்டு, "சத்தமே இல்ல" என்றாள். இரண்டையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பால்காரர் வராந்தாவுக்கே வந்து "அம்மா, பாலு" என்றபோது, உள்ளே அம்மாவின் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவின் வித்தை பலிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாமா வந்து, உதைக்கத் தூக்கிய காலை அப்படியே இறக்கினார். "அட! எஞ்சினியரு மருமவளே! ஒன் அப்பன் வந்தா மெடல் குடுக்கச் சொல்லணும்டி." அந்த வாரம் முழுக்க நான் வேறொரு ஆளாகவே நடமாடினேன்.

அம்மாவும் மாறினாள். பூத்தையலை உள் அறையிலிருந்து வராந்தா ஜன்னலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டு தையல் போடுவாள், தலையைத் தூக்கி வாசலைப் பார்ப்பாள். மத்தியானத்தில் சற்று நேரம் கண்ணயர்வது அவள் வழக்கம், அதையும் விட்டுவிட்டாள். பட்டப்பகலில் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். என் கதவின்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்தேன். பார்க்கப் பார்க்கத் தீரவில்லை போலிருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பழைய பித்தளை வாங்குகிற ஒருவர் ஒரு நாள் வந்தார். விடுமுறை நாள், நான் வராந்தாவில் ஈர்க்குகளோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஜன்னலை விட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் வராந்தாப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய பித்தள, ஈயம் ஏதாச்சும் இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்லங்க."

"ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா? ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

"உள்ள படுத்திருக்காங்க. ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்தாங்க."

அம்மா இப்படித் தப்பாகச் சொல்கிறாளே என்று இருந்தது எனக்கு. "இல்லம்மா, அப்பா பிரான்ஸ்லதான இருக்காங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியுது." வீட்டை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாவகாசமாக நடந்தார். வாசலில் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே, "கேட்டு நல்லா இருக்கு, சத்தமே வல்ல" என்றார்.

"நான் செஞ்சது!" என்று கத்தினேன்.

அவர் கெட்டவர்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பித்தளை வாங்க வந்த வெறும் வியாபாரியாகவும் இருக்கலாம். அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துத் தாழ் போட்டாள். "பெரியவங்க பேசறப்ப வாயத் தொறக்காத" என்று மட்டும் சொன்னாள். பொய் சொன்னது அவள், திட்டு வாங்கியது நான். அந்தக் கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை.

அந்த வாரமே, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வாசலில் கதவு பழையபடி சாய்ந்து கிடந்தது. பலகை மதிலோரம் இருந்தது. கொண்டிப் பக்கத்து மூலை மறுபடி மண்ணில் ஊன்றியிருந்தது.

"அம்மா! கேட்டு விழுந்துருச்சு!"

"காத்து அடிச்சுதுல்ல" என்றாள் அம்மா உள் அறையிலிருந்து.

அன்று வேப்பிலைகூட அசையவில்லை. ஆணிகள் ஒன்றும் வளையாமல் வராந்தா ஜன்னல் கட்டையில் வரிசையாக இருந்தன. காற்று ஆணியைப் பிடுங்கி ஜன்னலில் எடுத்து வைக்காது என்று யோசிக்க எனக்கு அந்த வயது போதவில்லை. முக்கோணம் தோற்றுவிட்டது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. உலகத்தில் எது அசைந்தாலும் முக்கோணம் அசையாது என்று சொன்ன சிஸ்டர், புத்தகம், கரும்பலகை எல்லாமே பொய்.

மறுபடி அடிக்கிறேன் என்று குழவியை எடுத்தேன். "வேணாம்டி. அப்பா வந்து பாத்துக்கட்டும்" என்று அம்மா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கதவை உதைத்துக்கொண்டு வந்தார். "என்ன எஞ்சினியரே, ஒன் முக்கோணம் இவ்ளோ சீக்கிரம் படுத்துருச்சு? பொம்பளப்புள்ள அடிச்ச ஆணிதான!" அம்மா எனக்காக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் மீனைத் திருப்பித் திருப்பி உரசிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து மாமா போனார். கதவு கரகரவென்று தரையைக் கீறிக்கொண்டு சாத்திக்கொண்டது. அம்மா உள் அறையில் பாயை விரித்துப் படுத்தாள். தலை கீழே பட்டதுதான் தெரியும், தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, கை பாய்க்கு வெளியே விழுந்து, குழந்தை மாதிரி தூங்கினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈர்க்கு நாற்கரத்தை நிமிர்த்துவதும் சாய்ப்பதுமாக இருந்தேன். எவ்வளவு சத்தம் போட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. என் கதவு விழுந்து கிடக்கிறது, இவளால் எப்படி இப்படித் தூங்க முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.